கையிருப்பு: முப்பத்தொன்பது நாள்

கீழக்கரை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
செருப்புக்கடை மாடியில் என் அலுவலகம்.
ஒரு மேசை, இரண்டு திரை,
கரன்ட் போனால் முனகுகிற இன்வெர்ட்டர்.
இங்கிருந்து ஒரு நாட்டுக்குச் சோறு போடுகிறேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அந்த நாட்டில் வயல் கிடையாது.
மழை பெய்தால் காரை நிறுத்திவிட்டு
இறங்கிப் படம் பிடிப்பார்கள்.
ஆனாலும் உலை காய்ந்ததில்லை.
கோதுமை கருங்கடலிலிருந்து,
கோழி பிரேசிலிலிருந்து கல்லாய் உறைந்து,
வெங்காயம் நாசிக்கிலிருந்து,
நாசிக் கைவிரித்தால் எகிப்திலிருந்து.
ஒரு பூட்டுக்கு மூன்று சாவி
செய்து வைப்பதுதான் வேலை.

மாற்றலாகி வருகிற அதிகாரிகள்
தண்ணியில்லாக் காடென்று ஏசும் எங்கள் ஜில்லாவுக்கோ
பூட்டு ஒன்றே ஒன்று, அது வானம்.
சாவி யாரிடமென்று
கண்மாய்க்கரைக் கருவேலமும் அறியாது.

காக்கிநாடாவில் அரிசி ஏற்றிய கப்பல்
என் ஜன்னல் கடல் வழியே வராது.
மணல்திட்டு, ஆழமில்லை.
இலங்கையை முழுசாய்ச் சுற்றிக்கொண்டு போகும்.
திரையில் மட்டும் பார்க்கிறேன்,
எறும்பு சர்க்கரை டப்பாவைச் சுற்றுகிற மாதிரி
ஒரு பச்சைப் புள்ளி.

அந்தப் புள்ளிதான் நின்றது.

ஜலசந்தியில் ஏதோ நடந்துவிட்டது.
செய்தியில் புகை,
என் திரையில் காப்பீட்டுத் தொகை.
முப்பத்தொன்பது நாள் கையிருப்பு
முப்பத்திரண்டாகி இருபத்தாறானது.
இரவெல்லாம் தொலைபேசி.
கராச்சியில் கொஞ்சம், பாங்காக்கில் கொஞ்சம்,
மறுகரைத் துறைமுகத்தில் இறக்கி
பாலைவனம் தாண்ட நூற்றுப்பத்து லாரி.
பாங்கு சொல்லும் நேரத்தில்
கணக்கு முப்பத்தொன்றுக்கு ஏறியது.
மேலாளர் கட்டைவிரல் உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி.
நங்கூரம் போட்டு நிற்கும் அந்தக் கப்பலின் சமையல்காரர்,
தங்கச்சிமடம் ரெமிஜியுஸ்:

'ஜுலைஹாக்கா, அரிசி முடிஞ்சிருச்சு.
இருபத்திரண்டு பேரு.
நாளைக்கு ராத்திரி வரைக்கும் மாவு இருக்கு.'

இரண்டு முறை படித்தேன்.
அவர் காலடியில் இருபத்தெட்டாயிரம் டன்,
ஐந்து லட்சத்து அறுபதாயிரம் மூட்டை.
ஆனால் மூடிக்கு முத்திரை,
உள்ளே பூச்சி மருந்தின் நச்சுப்புகை,
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு முதலாளி.
பத்தொன்பது நாளாய் அரிசி மேல் நடக்கிறார்கள்,
அரிசி மேல் படுக்கிறார்கள்.

ஆயிரம் டன்னுக்குக் கீழே
கொள்முதல் படிவம் எழுதிப் பழக்கமில்லை எனக்கு.
எழுதினேன். அரிசி, அறுபது கிலோ.
மூன்று விலைப்புள்ளி வாங்கச் சொல்லி
அந்தப் படிவமே என்னிடம் வாதாடியது.
ஒன்றையே மூன்று முறை எழுதினேன்,
அதற்கு எப்போது வேண்டுமானாலும்
விளக்கம் கேட்கட்டும்.

துறையில் படகு வைத்திருக்கும் கண்ணூர்க்காரர்
என்னென்ன வேண்டும் என்றார்.
ரெமிஜியுஸிடம் கேட்டுச் சொன்னேன்:
வெங்காயம் இரண்டு சாக்கு, புளி,
டின் மீன் நாற்பது
(கடலோடி மகன் டின் மீன் கேட்கிறான்,
ஊரில் சொல்லிவிடாதீங்க, என்று சிரிப்புப் பொம்மை),
கிடைத்தால் நம்ம முண்டு வத்தல்.

படகு போக எட்டு மணி நேரம்.
நாட்டின் அட்டவணையில்
மருத்துவமனை, சிறை, பள்ளி,
ஒட்டகப் பண்ணைக்குக்கூட ஒரு வரி இருக்கிறது.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.
கப்பல்: பூஜ்யம் நாள்.
சிவப்பாய் மினுங்கியது.
பூட்டிவிட்டுப் படியிறங்கினேன்.
கீழே, விலை குறைந்து கிடந்த சூடைக்குக்
காகங்கள் ஏலம் போட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் செய்தி வந்தது.
'வந்திருச்சுக்கா. அரிசி கொஞ்சம் பழசு.
வத்தல் முண்டு இல்ல, நீட்டு.
அதைப் போட்டா குழம்பு நிறந்தான் வரும், உறைப்பு வராது.
அடுத்த தடவை பாத்துச் சொல்லுங்க.'